பல மரம் கண்ட தச்சன் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். தெருக்கூத்துக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை மூன்று வருடமாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்கு 28 வயது. ஓவியக் கல்லூரியில் படித்தேன். படம் போடுவேன், காகிதக் கூழில் பெரிய பொம்மைகள் செய்து ஆட்டுவேன், பறை அடிப்பேன், நாடகத்தில் நடிப்பேன். நாலு வருடமாகக் கோடைதான் எனக்குச் சோறு போடுகிறது. பள்ளி விடுமுறை விட்டதும் குழந்தைகள் முகாம், மே மாதம் மலையூர்களில் கோடை விழா, அப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிகழ்ச்சி, நடுவில் எங்காவது திருவிழாவுக்குச் சுவரில் படம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சரியான தூக்கம் இருக்காது. ஜூன் பிறந்தால் போன் அடங்கிவிடும்.

போன மாதம் ஒரு மலையூர் விழாவுக்கு ஒன்பது அடி உயரத்தில் ஒரு குதிரை செய்து கொண்டுபோனேன். செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. நாற்பது நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விருந்தினர் வரத் தாமதமானதும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் மழை. குதிரை நனைந்து கழுத்து சாய்ந்துவிட்டது. பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. குதிரையை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா ஒரே வரிதான் சொன்னார்: “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.”

அடுத்த வாரம் போளூர் பக்கம் பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். பாரதத் திருவிழாவின் கடைசி நாட்கள். படுகளத்துக்கு முந்தின நாள் பகலில் பள்ளிக்கூடத் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து ஒரு கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அவரே விடிய விடியப் பாடி ஆடினார். காலையில் துரியோதனன் விழும் படுகளத்தில், அந்தப் போர்க்களக் காட்சியில், அவரே துரியோதனனாக ஓடினார். நீ பாடகனா, நடிகனா, தச்சனா என்று அவரை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. என்னை மட்டும் ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்? ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை நான் விட்டுவிட வேண்டுமா?

இன்னொரு சின்னக் கேள்வி. வேஷம் போட்டால் எனக்கு முகம் எரிந்து தடித்துவிடுகிறது. கூத்துக்காரர்கள் இதற்கு என்ன செய்வார்கள்?

அன்புடன்,
த., சென்னை

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தக் குதிரை என்னை விடவில்லை. மூன்று வாரம் கையால் செய்த ஒன்றை மழையில் விட்டுவிட்டு வருவது லேசான காரியம் இல்லை. அந்தப் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா சொன்ன பழமொழி நல்ல பழமொழி. அவர்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பல கருவி வைத்திருக்கும் தச்சனை அது ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தச்சன் பையைத் திறந்தாலும் உளி, வாய்ச்சி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாம் இருக்கும். ஒரே ஒரு உளியோடு வருகிறவனை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பழமொழி திட்டுவது ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே காட்டைச் சுற்றுகிறவனை. படம், பொம்மை, பறை, நடிப்பு எல்லாம் உங்கள் பையில் இருக்கும் கருவிகள். அதில் எதையும் நீங்கள் தூக்கிப்போட வேண்டாம். உங்கள் மரம் எது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. நீங்கள் பார்த்த அந்தக் கூத்துக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

என் தாய்மாமன் செய்யாறு பக்கத்தில் ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை கோடை விடுமுறை முழுக்க அவருடைய வேஷப் பெட்டிகளோடு ஊர் ஊராகப் போனேன். திரை பிடித்தேன், தாளம் போட்டேன், பிறகு சின்னச் சின்ன வேஷமும் கட்டினேன். அதனால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

மாமா கோடையில் ஆடுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அவரை ஐப்பசி மழையில் பார்த்ததுதான் அதிகம் ஞாபகம் இருக்கிறது. அப்போது கூத்து இருக்காது. திண்ணையில் கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றை மடியில் வைத்துச் செதுக்கிக்கொண்டிருப்பார். முள்முருங்கை என்றும் சொல்வார்களே, அந்த மரம். காய்ந்தால் எடையே இருக்காது, உளி சுலபமாக இறங்கும். கிரீடம், மார்புப் பதக்கம், இரண்டு தோளிலும் சிறகு மாதிரி எழுந்து நிற்கும் புஜக்கட்டை எல்லாம் அதில்தான். ராஜா வேஷத்துக்குக் கட்டை வேஷம் என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

ஒரு நாள் அவர் இடது புஜக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பாதி வேலையில் எழுந்தார். கட்டையைக் கயிற்றால் தோளில் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, லேசான தூறலில் ஒரு விருத்தம் எடுத்தார். கையைத் தூக்கி வேகமாக ஒரு சுற்று சுற்றினார். நின்றார். “காதுல இடிக்குதுடா” என்றார். திரும்ப உட்கார்ந்து ஓரத்தில் ஒரு விரல்கனம் சீவினார். மறுபடி எழுந்தார், பாடினார், சுற்றினார். அன்றைக்கு ஏழெட்டுத் தடவை இப்படி நடந்திருக்கும். கடைசியில் கட்டை கண்ணுக்குக் கொஞ்சம் கோணலாக இருந்தது. தோளில் ஏறியதும் நேராகிவிட்டது.

இதில் தச்சு எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அவருக்கு அப்படி ஒரு கோடே கிடையாது. ஆடத் தெரியாதவர் அந்த விரல்கனத்தைச் சீவியிருக்க மாட்டார். கண்ணாடித் துண்டு பதிக்கும்போதும் இதே கதைதான். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி என்னைத் தெருக்கோடிக்கு அனுப்புவார். “அங்கிருந்து பார்த்தா மின்னுதா?” என்று கத்துவார். தெருக்கோடியில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கும் ராஜா தெரியவேண்டும் அல்லவா.

இனி நீங்கள் போளூர் பக்கம் பார்த்த திருவிழாவுக்கு வருவோம். பாரதம் வைப்பது என்று ஊர் முடிவு செய்தால் பங்குனியிலிருந்து ஆனிக்குள் நாள் குறிப்பார்கள். கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் பல ஊர்களில் பதினெட்டு இருபது நாள் நடக்கும், சின்ன ஊர் என்றால் பத்து நாள். பகலில் பிரசங்கி ஒருவர் வில்லிபுத்தூரார் எழுதிய பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். பகலில் கேட்ட கதை ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்தாக எழுந்து நிற்கும். திரௌபதி கல்யாணம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரியாக நகர்ந்து, போரின் கடைசி நாளான பதினெட்டாம் போரில் வந்து முடியும்.

அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்களா? பனை உயரத்துக்குக் கம்பம் நட்டுப் படி அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் போடுவார். குழந்தை வேண்டி விரதம் இருக்கும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். மேலே ஏறுகிறவருக்குத் தொண்டை, கால், மூச்சு, பயம் எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டும். அந்தக் கம்பத்தில் நிற்கிற ஆளிடம் உன் துறை என்ன என்று யார் கேட்பார்கள்?

படுகளத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் நான் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். வைகாசி கடைசி. பதினெட்டாம் போர் விடியக்காலையில் முடிந்திருந்தது. மாமா ராத்திரி முழுக்கத் துரியோதனன். முகத்துச் சிவப்பு வியர்வையில் கழுத்துவரை இறங்கியிருந்தது. கோயிலுக்கு முன்னால் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். ஒரு வீட்டு நீளம் இருப்பான். மாமா கையில் கதாயுதத்தோடு அவன்மேல் ஏறி ஓடினார், இறங்கினார், பீமன் துரத்தினான். நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. காலில் செருப்புக் கிடையாது, சலங்கை மட்டும். மணல் கொதித்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவி இடுப்பில் குடத்தோடு வெளியே வந்தாள். அவர் ஓடும் வழியில் முன்னாலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டே நடந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வருடா வருடம் பார்க்கிறவள்தானே. பீமன் தொடையில் அடித்து, திரௌபதி ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிந்த பிறகுதான் அவள் குடத்தைக் கீழே வைத்தாள். சாயங்காலம் தீமிதி நடந்தது.

உங்கள் பன்னிரண்டு நிமிடத்துக்கு இப்போது வருகிறேன். பதினெட்டாம் போரைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியுங்கள் என்று எந்த விருந்தினருக்காகவும் யாரும் சொல்ல முடியாது. துரியோதனன் விழாமல் திரௌபதி கூந்தல் முடிய மாட்டாள். அவள் முடியாமல் ஊர் தீ மிதிக்காது. ஆட்டக்காரர் நடுவில் நின்றுவிட்டால் ஊரின் காரியமே நின்றுவிடும். உங்கள் குதிரை இல்லாவிட்டால் அந்த மலையூரில் எதுவும் நின்றிருக்காது. அதனால்தான் அவர்களுக்கு அதை வெட்டுவது அத்தனை சுலபமாக இருந்தது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். குதிரை மட்டமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு அங்கே ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான்.

பல கலை தெரிந்தவரைச் சேர்த்துக் கட்டுவது அவருடைய திறமை என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அவரைக் கட்டுவது அவர் போய் நிற்கும் இடம். அந்த இடத்துக்கு அவரிடம் ஒரு தேவை இருக்கவேண்டும். அது இருந்தால் மரம் செதுக்குவது, முகத்துக்கு வண்ணம் எழுதுவது, பாடுவது, காலையில் மணலில் ஓடுவது எல்லாம் ஒரே வேலையாகிவிடும். அது இல்லாவிட்டால் நாலு வேலையும் நாலாகத்தான் நிற்கும், பார்க்கிறவர்களும் நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அதற்காகக் கூத்துக்காரர் வாழ்க்கை இனிப்பானது என்று எழுதினால் மாமாவுக்குத் துரோகம் செய்தவனாவேன். நாலைந்து மாதம்தான் பருவம். எங்கள் ஜமாவில் வந்த பணத்தைப் பங்காகப் பிரிப்பார்கள். பெரிய வேஷத்துக்கு முழுப் பங்கு, சின்னவர்களுக்கு அரை, பெட்டிக்கென்று தனியாக ஒரு பங்கு. பருவம் முடிந்தால் ஒருவர் தறிக்குப் போவார், ஒருவர் கொத்து வேலைக்கு, ஒருவர் ஏருக்கு. அவ்வப்போது கருமாதி வீட்டில் கர்ண மோட்சம் வைத்தால் நாலு காசு வரும். தூக்கத்தை விரட்டக் குடிக்கத் தொடங்கி அதிலேயே போனவர்கள் எங்கள் ஜமாவிலேயே இருவர். மாமாவுக்கு ஐம்பது வயதுக்குள் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. திண்ணையிலிருந்து எழ அத்தை கைகொடுக்கவேண்டும். 28 வயதில் உங்களுக்கு இது தூரமாகத் தெரியும். இருந்தாலும் முட்டியையும் தூக்கத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னும் சில இடைஞ்சல்கள் சேர்ந்திருக்கின்றன. 2000இல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு விலக்குத் தரலாம். அதுவும் நடுராத்திரிவரைதான், வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகாது. கூத்து சூடு பிடிக்கும் நேரமே நடுராத்திரிதான். பல ஊர்களில் பார்த்தும் பார்க்காமல் விடுகிறார்கள், சில ஊர்களில் விடுவதில்லை. மைக் இல்லாமல் பாடிய தொண்டைகள் இன்று குறைவு.

2020ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. மார்ச் 25, பங்குனி நடுவில் ஊரடங்கு. மாமன் மகன்தான் இப்போது ஜமாவை நடத்துகிறான். அந்தக் கோடைக்கு அவன் வாங்கி வைத்திருந்த தாம்பூலம், அதாவது ஆட்டத்துக்கான அச்சாரம், அத்தனையும் வீணானது. அடுத்த வருடமாவது ஆடலாம் என்று பெட்டியைத் துடைத்து வைத்தால் 2021 மே மாதம் திரும்பவும் அடைப்பு. இரண்டு கோடை அடுத்தடுத்துப் போனால் ஒரு ஜமாவுக்கு என்ன மிஞ்சும்? அவன் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதப் போனான். ஜமாவில் முகவீணை ஊதியவர் காய்கறி வண்டி தள்ளினார்.

அச்சாரம் கொடுத்த ஊர்கள் சில பணத்தைத் திருப்பிக் கேட்டன. அவர்களுக்கும் கஷ்டம், கேட்டதில் தப்பில்லை. ஒரு ஊரில் மட்டும் இவன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தர்மகர்த்தா வாங்கவில்லை. “இது அம்மன் காசுப்பா. என்னைக்கு ஆடறியோ அன்னைக்குக் கழிச்சுக்கோ” என்றாராம். அவன் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. 2022இல் அந்த ஊரில்தான் முதல் கூத்து ஆடினான். நான் போயிருந்தேன். பெட்டியிலிருந்த பழைய கிரீடத்தில் பூச்சி அரித்திருந்தது. புதிதாகச் செதுக்க அவனுக்கு நேரமில்லை. துணியை ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினான். ஊருக்கு அது கண்ணில் படவே இல்லை.

திருப்பிக் கூப்பிடும் ஊர் என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, நீங்கள் கூத்து வீட்டில் பிறக்கவில்லை. அதனால் இதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்து கற்றவர்களுக்கும் நல்ல வழி இருந்திருக்கிறது. 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது அவருக்குப் பின்னால் கூத்துக்குப் பேர்போன புரிசை ஊர் இருந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் நகரத்து இளைஞர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை இருந்தது. அங்கே பிள்ளைகள் பள்ளிப்பாடத்தோடு பாட்டு, அடவு, வாத்தியம், முகம் எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்தே கற்றார்கள். பெண்பிள்ளைகளும் கட்டை வேஷம் கட்டினார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் அது பெரிய காரியம். ராஜகோபால் நடிகர், பாடகர், ஆசிரியர், புதுக் கூத்துகள் எழுதியவர். அவரைப் பற்றிப் பேசும்போதும் இதில் எதை முதலில் சொல்வது என்று யாரும் தடுமாறுவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு ஒரு கிரீடத்தைச் செய்து தலையில் வைத்துக்கொண்டு மலையூர் மேடையில் ஏறாதீர்கள். அது இன்னொரு மரத்தைப் போய்ப் பார்ப்பதுதான். கூத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேஷத்தை அல்ல, வேலை செய்யும் விதத்தை.

இப்போது நீங்கள் ஒரு கோடையில் எத்தனை இடத்துக்குப் போகிறீர்கள்? கடிதத்தைப் பார்த்தால் இருபதாவது இருக்கும். அதில் ஒரு இடமாவது இரண்டாம் வருடம் கூப்பிட்டதா? கூப்பிட்ட இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டோ மூன்றோ வரும். அவைதான் உங்கள் ஊர்கள். அது ஒரு பள்ளிக்கூட முகாமாக இருக்கலாம், ஒரு மாரியம்மன் திருவிழாவாக இருக்கலாம். அங்கே நிகழ்ச்சி இல்லாத நாளில் போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு, அந்த ஊருக்கு, அந்த நாளில் எது இல்லாமல் முடியாது என்று பாருங்கள். அதைச் செய்து கொடுங்கள். மற்ற இடங்களை வயிற்றுக்காக வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜூன் பிறந்தால் போன் அடங்கிவிடுகிறது என்று வருத்தமாக எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் திண்ணைக் காலம். குதிரையை மூன்று வாரத்தில் அவசரமாகச் செய்து நேரே மழைக்குள் கொண்டுபோய்விட்டீர்கள். ஆனியில் தொடங்கி மாசிவரை ஒன்பது மாதம் இருக்கிறது. செய்யுங்கள், போட்டு ஆடுங்கள், எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சீவுங்கள்.

குதிரை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் போய்ப் பொய்க்கால் குதிரையை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே தலையை விட்டுப் பாருங்கள். லேசான கூடு, அதன்மேல் துணியும் கண்ணாடியும். ஆடுகிறவர் தோளிலிருந்து பட்டையில் தொங்கும். குதிரையின் கால் அவர் மரக்கால்தான். மழை வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம், கிழிந்தால் அன்று ராத்திரியே தைத்துவிடலாம். அதைக் கட்டியவருக்குத் தெருவும் தெரியும், மழையும் தெரியும், ஆடுகிறவரின் இடுப்பும் தெரியும். உங்கள் அடுத்த குதிரையைப் பெட்டிக்குள் போகிற மாதிரி, பிரித்துப் பூட்டுகிற மாதிரி செய்யுங்கள். எங்கள் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் பழைய வேட்டித் துணியில் ஒரு உறை இருக்கும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜமா அச்சாரம் வாங்காமல் பெட்டியைத் தூக்காது. வெற்றிலை பாக்கோடு பாதிப் பணம், எத்தனை ராத்திரி, என்னென்ன கூத்து, எத்தனை பேருக்குச் சாப்பாடு, படுக்க எந்த இடம், எல்லாம் நாலு பேர் முன்னால் பேசி முடிப்பார்கள். நீங்கள் போனிலேயே பேசி நம்பிப் போகிறீர்கள். இனி எழுதி வாங்குங்கள். எத்தனை நிமிடம், குறைத்தாலும் முழுப் பணம், மழை வந்தால் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கட்டும். பாதிப் பணம் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள். அச்சாரம் தர மனமில்லாத இடம் எப்படியும் உங்களைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை.

அப்பாவிடம் இந்த மழைக்காலத்தில் உங்கள் வேலைக்கு ஏதாவது கையுதவி கேளுங்கள். பொம்மைக்குக் கயிறு கோக்கவோ பசை காய்ச்சவோ சொல்லுங்கள். நீங்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் பேச்சு மாறும். மாறாவிட்டாலும் பரவாயில்லை.

முகம் எரிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் மஞ்சளுக்கு அரிதாரம் அரைப்பார்கள். வேஷம் போடுவதற்கே அரிதாரம் பூசுவது என்று பெயர் வந்தது அதனால்தான். அது ஆர்சனிக் கலந்த கல், விஷம். யார் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள். சுவருக்கு வாங்கிய வண்ணப்பொடி மிச்சம் இருக்கிறதே என்று அதைக் குழைத்துப் பூசுகிற பழக்கம் ஓவியர்களுக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் இன்றே விடுங்கள். முகத்துக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பூசும் முன் தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கத் தேய்த்து ஊறவிடுங்கள். தடிப்பு அதற்கும் நிற்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வேஷம் கலைக்கும்போதும் எண்ணெய்தான். மாமா ஆட்டம் முடிந்ததும் எண்ணெயைத் தேய்த்து, வண்ணம் தானாகக் கரைந்து வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் பழைய துண்டால் மெதுவாக ஒற்றி எடுப்பார். வீட்டுக்குப் போய்க் கடலை மாவு போட்டுக் குளிப்பார். சோப்பு அன்றைக்குக் கிடையாது. அந்தத் துண்டுகளை அத்தை தனியாக ஒரு கொடியில் உலர்த்துவாள். எத்தனை துவைத்தாலும் துரியோதனன் சிவப்பு போகாது. நீங்களும் அதற்கென்றே இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுத் துண்டை எடுக்காதீர்கள்.